ஒரே பெயரில் இரண்டு கோப்புகள்

ஒரே மென்பொருளை விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடவைக்க ஏன் இவ்வளவு பாடு என்று கல்லூரி மாணவர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். பொத்தானும் பட்டியலும் வரைந்து தர ஜாவா, க்யூட் போன்றவை 1995 முதலே இருக்கின்றன. எலக்ட்ரான் வந்தபின் முழு உலாவியையே உள்ளே வைத்து அனுப்பிவிடுகிறார்கள். வட்டில் இடத்தைத் தின்னும், ஆனால் திரை எங்கும் ஒன்றுபோலத் தெரியும். பெருந்தொல்லை திரைக்குப் பின்னால், கோப்பு முறைமையில். அதில் என்னை வெகுநாளாக ஆட்டிவைப்பது ‘சோழர்’ என்று பெயரிட்ட ஒரு கோப்பு.

யூனிகோடில் ‘சோ’வை இரண்டு விதமாக எழுதலாம். ‘ச’வை அடுத்து ஓகாரக் குறிக்கென்றே உள்ள ஒற்றைக் குறியெண் ஒரு விதம். இரட்டைக்கொம்புக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என இரு குறியெண்கள் மற்றது. எங்கள் ஊர் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர் கொம்பை ஓர் அறையிலிருந்தும் காலை இன்னோர் அறையிலிருந்தும் எடுப்பாரே, அதுபோல. இரண்டும் சமம் என்பது யூனிகோடின் விதி.

மேக்கின் பழைய கோப்பு முறைமையான ஹெச்எஃப்எஸ் பிளஸ், பெயரை எப்படிக் கொடுத்தாலும் பிரித்தே எழுதிவைக்கும். விண்டோஸும் லினக்ஸும் பொதுவாகக் கொடுத்ததை அப்படியே வைத்து, இரு வடிவங்களையும் வெவ்வேறு பெயர்களாகக் கொள்ளும். ஆகவே மேக்கிலிருந்து வந்த ‘சோழர்’, லினக்ஸ் கோப்புறையில் இன்னொரு ‘சோழர்’ பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. நிரலோ தன் பட்டியலில் உள்ள பெயரைத் தேடிவிட்டு, கோப்பு இல்லை என்று கைவிரிக்கும். 2017இல் மேக்குக்கு வந்த ஏபிஎஃப்எஸ், கொடுத்தபடி வைத்துக்கொண்டாலும் இரண்டையும் ஒரே பெயராகவே எண்ணுகிறது. அந்தக் கோப்புறையை அங்கே நகலெடுத்தால் ஒன்றின்மேல் மற்றொன்று எழுதப்பட்டுவிடக்கூடும். யாரோ மாதக்கணக்கில் தட்டச்சிட்ட ஆய்வேடு அப்படிப் போகலாம்.

இதற்கு வழி இல்லாமலில்லை. ஒப்பிடும்போது மட்டும் இரு பெயர்களையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். வட்டில் உள்ள பெயரைத் தொடக்கூடாது. ஜாவா, பைத்தான், க்யூட் எல்லாவற்றிலும் அதற்கான செயற்கூறு தயாராக இருக்கிறது. நிரல் பதிப்புகளைப் பேணும் கிட் (Git), 2012இலேயே இதற்காக மேக்குக்கென ஓர் அமைப்பைச் சேர்த்தது. ஆனால் தமிழ் மென்பொருள் எழுதுபவர்கள்கூட ‘டெஸ்ட்’ என்று ஆங்கிலத்தில் பெயரிட்ட கோப்பை வைத்தே சோதித்து வெளியிட்டுவிடுகிறார்கள். ஆசையாய்த் தமிழில் பெயரிட்ட ஆசிரியர் ஒருமுறை கோப்பைத் தொலைத்தால் போதும், அப்புறம் ஆங்கிலப் பெயருக்கே போய்விடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது; சோதிக்காதவர்கள்மேல்தான் வருத்தம்.

இத்தனைக்கும் தமிழில் இப்படிப் பிரியக்கூடியவை நான்கே: ஔ என்ற எழுத்தும், ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளும். ‘ஔவை’, ‘கொடி’, ‘சோழர்’, ‘மௌனம்’ என்று நான்கு பெயர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் சேர்த்த வடிவில் ஒரு கோப்புறையிலும் பிரித்த வடிவில் மற்றொன்றிலும் உருவாக்கி, மூன்று கணினிகளுக்கும் கொண்டுபோய்த் திறந்து பாருங்கள். வெளியீட்டுக்கு முந்தைய நாள் மாலை அதற்குப் போதும்.