எலும்பு எளிதில் முறியும் குழந்தைக்குக் கண் ஏன் நீலமாகிறது?

சிறு தடுமாற்றத்திலேயே எலும்பு முறிந்துவிடும் குழந்தைகள் சிலருக்குக் கண்ணின் வெண்படலம் நீலம் பாய்ந்து காணப்படும். பற்கள் விரைவில் தேயும். வளர்ந்தபின் செவித்திறனும் குறையக்கூடும். ‘ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா’ எனப்படும் பிறவி நோயின் அறிகுறிகள் இவை. எலும்புக்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு என்று பெற்றோர் கேட்பதுண்டு. விடை, கொலாஜன் என்னும் புரதத்தில் உள்ளது.

பொள்ளாச்சிப் பகுதியில் தென்னை நாரைத் திரித்து, புரிகளை ஒன்றாக முறுக்கிக் கயிறாக்குவதைக் கண்டிருப்பீர்கள். கொலாஜனும் மூன்று இழைகள் முறுக்கிய கயிறே. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954ஆம் ஆண்டு இவ்வமைப்பை உலகிற்கு எடுத்துரைத்தனர். ஓர் இழை பழுதுற்றால் கயிறு முழுவதும் வலுவிழக்கும்.

நம் உடலில் 28 வகைக் கொலாஜன்கள் உள்ளன. அவற்றுக்குரிய மரபணுக்கள் எலும்புச் செல்லிலும் உண்டு; நரம்புச் செல்லிலும் உண்டு. ஆயினும் ஒவ்வொரு செல்லும் தனக்கு வேண்டியதை மட்டுமே இயக்குகிறது. மரபணுவை ஒட்டி விசை போன்ற பகுதிகள் இருக்கின்றன. உரிய புரதம் அங்கே வந்து அமர்ந்தால்தான் மரபணு இயங்கும். குருத்தெலும்புச் செல்லில் சாக்ஸ்9 என்னும் புரதம் 2ஆம் வகைக் கொலாஜனை இயக்குகிறது. எலும்பாக்கும் செல்லில் 1ஆம் வகை இயங்க ரன்எக்ஸ்2, ஆஸ்டெரிக்ஸ் போன்ற புரதங்கள் துணைபுரிகின்றன. அதே 1ஆம் வகை மரபணுவுக்குத் தோலில் ஒரு விசையும் எலும்பில் வேறொரு விசையும் இருப்பதை எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன.

இந்நோயில் பெரும்பாலும் பழுதுறுவது இந்த 1ஆம் வகை மரபணுவே. அது எங்கெல்லாம் இயங்குகிறதோ அங்கெல்லாம் நோய் தெரிகிறது: எலும்பு, பல், தோல், தசைநாண், கண். வெண்படலம் மெலிவதால் உட்படலத்தின் நிறம் நீலமாக வெளித்தெரிகிறது. நரம்புச் செல்கள் இம்மரபணுவைச் சார்ந்திருப்பதில்லை. ஆதலால் குழந்தையின் அறிவுத்திறன் பொதுவாகக் குறைவதில்லை.

கருவுற்றிருந்தபோது தாய் உண்ட உணவோ, கிரகணமோ இதற்குக் காரணமன்று. பெற்றோரிடம் இல்லாத மாற்றம் குழந்தையிடம் புதிதாகவும் தோன்றலாம். சில அரிய வகைகள் மட்டும் உறவுத் திருமணங்களில் கூடுதலாகக் காணப்படுகின்றன. அடுத்த குழந்தைக்கு முன் மரபியல் ஆலோசனை பெறுவது நல்லது. கடையில் விற்கும் கொலாஜன் பொடி செரிமானத்தில் சிதைந்துவிடும். மரபணுவின் பழுதை அது நீக்காது. எலும்பை வலுப்படுத்தும் மருந்தும், இயன்முறைப் பயிற்சியும், தேவைப்படின் அறுவை மருத்துவமும் பயன் தரும்.

இக்குழந்தைகளைக் குளிப்பாட்டும்போது கை கால்களை இழுத்து நீவுதல் கூடாது. துணி மாற்றும்போது கணுக்காலைப் பிடித்துத் தூக்காதீர்கள். இடுப்பின் கீழும் முதுகிலும் உள்ளங்கையை விரித்துத் தாங்கித் தூக்குங்கள். பாட்டிமார் உள்ளிட்ட வீட்டார் அனைவரும் இதை அறிந்திருத்தல் வேண்டும்.