சக்கரம் நேராக்கும் வேலைக்கு உத்தரவாதம் எதுவரை?

நான்கு புது டயர்கள் மாட்டி, 'அலைன்மென்ட்' வேலையும் பார்த்து, ரசீதில் உத்தரவாத முத்திரையோடு கார் வீட்டுக்கு வருகிறது. மூன்றே மாதத்தில் முன் டயரின் உள்விளிம்பு தேய்ந்து கம்பி தெரிகிறது. பட்டறையில் கேட்டால், "எங்காவது குழியில் விட்டிருப்பீர்கள்" என்கிறார்கள். நம் நாட்டுச் சாலைகளில் குழிக்குப் பஞ்சமில்லை என்பதால், பலரும் பதில் பேசாமல் திரும்பி விடுகின்றனர்.

அலைன்மென்ட் என்பது பொருள் விற்பனை அன்று. சக்கரங்களின் கோணங்களைச் சரிப்படுத்தும் வேலை. ஆகவே இதற்குப் பட்டறைகள் தரும் உத்தரவாதம் பெரும்பாலும் குறுகியது. குறிப்பிட்ட நாட்களுக்குள் அல்லது கிலோமீட்டருக்குள் ஸ்டீயரிங் கோணலானால் இலவசமாக மீண்டும் சரிசெய்து தருவார்கள், அவ்வளவே. குழியில் விழுந்தாலோ, சாலையோரக் கல்லில் இடித்தாலோ அது செல்லாது. 80, 90 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கினால் அது பெரும்பாலும் 'பேலன்சிங்' குறை. அலைன்மென்ட் உத்தரவாதத்தில் அது சேராது. காற்றழுத்தம் ஒரு பக்கம் குறைந்திருந்தாலும் கார் இழுக்கும். முதலில் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

சில பட்டறைகள், "உங்கள் காரில் 'டை ராட்' தளர்ந்து விட்டது, நாங்கள் பொறுப்பல்ல" என்று பிறகு கைவிரிக்கின்றன. இது ஏற்கத்தக்க பதிலன்று. பாகங்கள் ஆடுகின்றனவா என்று பார்த்த பிறகே கோணத்தைத் தொட வேண்டும். ஆடும் பாகத்தின் மீது செய்த அலைன்மென்ட் நிற்காது என்பது தொழில் தெரிந்தவருக்குத் தெரியாததல்ல.

இங்கேதான் கணினி அச்சுத்தாள் கைகொடுக்கிறது. வேலைக்கு முன்பும் பின்பும் எடுத்த அளவுகள் அதில் இருக்கும். பல சிறிய கார்களின் முன்சக்கரத்தில் 'டோ' எனும் கோணத்தை மட்டுமே சுலபமாகத் திருப்ப முடியும். 'கேம்பர்' சரியில்லை என்றால் தனிப் பாகம் தேவைப்படலாம். வேலை முடிந்த பிறகும் ஓர் எண் சிவப்பாகவே இருந்தால், ஏன் என்று அங்கேயே கேட்க வேண்டும். கேட்காமலே அச்சுத்தாள் தரும் பட்டறைகள் குறைவு.

முத்திரையின் காலம் முடிந்தால் உரிமையும் முடிந்தது என்று நினைப்பது தவறு. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 53-வது பிரிவு, எந்தச் சேவையும் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும் என்கிறது. 'பணம் திருப்பித் தரப்படாது' என்று சுவரில் எழுதி வைத்தாலும் அந்த உரிமை போகாது. குறையைச் சரிசெய்யப் பட்டறை மறுத்தால், வேறிடத்தில் சரிசெய்து நியாயமான செலவைக் கோரலாம். தவறான வேலையால் டயர் வீணானது என்று காட்ட முடிந்தால், அந்த இழப்பையும் கேட்கலாம்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுக் கட்டணம் 5 ரிங்கிட்தான். வழக்கறிஞர் தேவையில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கோரிக்கை வரம்பு 25,000 ரிங்கிட்டிலிருந்து 50,000 ரிங்கிட்டாக உயர்ந்துள்ளது. ரசீது, இரண்டு அச்சுத்தாள்கள், மீட்டர் அளவு தெரியும் படம் ஆகியவற்றோடு, தேய்ந்த டயரும் முக்கியச் சாட்சி. புது டயர் மாட்டும்போது பழையதைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவது நம்மவர் வழக்கம். வழக்கு முடியும்வரை அது வீட்டில் இருக்கட்டும்.