பனிமேல் ஒரு பருவம்

வெயிலிற் பிறந்து வெயிலில் வளர்ந்த நமக்குப் பனிமேல் ஓடும் பந்தயம் புதுமையாகவே தோன்றும். காலிற் பூட்டிய ஒடுங்கிய சறுக்குப்பலகைகளும் கைக்கோல்கள் இரண்டுமே துணையாக, காட்டுவழியே பத்து, இருபது, ஐம்பது கிலோமீற்றர் தூரம் செல்லும் ஓட்டம் இது. மலையினின்று சறுக்கி இறங்கும் பந்தயம் வேறு. இங்கே ஏற்றங்களையும் தம் மூச்சின் பலத்தாலேயே கடத்தல் வேண்டும்.

இவ்வோட்டங்களின் உலகக் கிண்ணத் தொடர் ஒருநாட் போட்டியன்று. மாரிகாலம் முழுவதும் நீள்வது. வழக்கமான ஓட்டமொன்றில் முதல்வருக்கு 100 புள்ளி, அடுத்தவருக்கு 95, மூன்றாமவருக்கு 90 என வழங்குவர். பருவ முடிவில் மிகுந்த புள்ளி ஈட்டியவருக்கே பளிங்குக் கோளம் உரியது.

2023-24ஆம் ஆண்டுப் பருவத்தைச் சற்றே நோக்குவோம். அமெரிக்க வீராங்கனை ஜெஸி டிகின்ஸ் 2021இல் அக்கோளத்தை வென்றவர். அதனைப் பெற்ற முதல் அமெரிக்கப் பெண்மணி. ஆயின், இளமையில் அவரைப் பீடித்த உணவு சம்பந்தமான உளநோய் மீண்டும் தலைதூக்கியதென 2023 செப்ரெம்பரில் அவரே உலகறிய உரைத்தார். வைத்தியத்தையும் உற்றார் துணையையும் நாடிய பின்னரே, நவம்பரில் பின்லாந்தின் றூக்காவில் தொடங்கிய பருவத்திற் களமிறங்கினார்.

புத்தாண்டையொட்டி இத்தாலியிலும் சுவிற்சர்லாந்திலும் ஒன்பது நாளில் ஏழு ஓட்டங்கள் நடைபெற்றன. ஈற்றோட்டம், பிறர் சறுக்கி இறங்குதற்கென அமைந்த செங்குத்துச் சரிவில் ஏறுவது. அத்தொகுதியில் டிகின்ஸே முதல்வரானார்.

பெப்ரவரியில் அவர்தம் ஊருக்கருகே, மின்னியாப்பொலிஸ் நகரில் ஓட்டங்கள் நிகழவிருந்தன. 2020இல் அங்கு நடக்கவிருந்தவை கொள்ளைநோயினாற் கைவிடப்பட்டவை. இம்முறை தடையாய் நின்றது வெப்பம். அந்நாட்டுப் பகுதி கண்டறியாத வெம்மையான மாரி அது. இயந்திரத்தாற் செய்த பனியைப் பரப்பிக் காத்திருந்தனர். ஓட்டத்துக்குச் சின்னாள் முன்னர் வானமும் இரங்கிப் பனி பொழிந்தது! பெப்ரவரி 18இல் 10 கிலோமீற்றர் ஓட்டத்தில் டிகின்ஸ் மூன்றாமிடம் பெற்றார். ஆடவர் ஓட்டத்தில், முன்னொருபோதும் முதல் மூவருள் வந்திராத அமெரிக்க இளைஞர் கஸ் ஷூமாக்கர், நோர்வே வீரர்களையும் பின்தள்ளி வென்றார்.

மார்ச்சில் சுவீடனின் பாலுன் நகரில், இறுதியான 20 கிலோமீற்றர் ஓட்டத்தையும் வென்று கோளத்தை மீண்டும் கைக்கொண்டார் டிகின்ஸ்.

இதில் நம் மாணவர் கொள்ளத்தக்கது யாது? ஒருநாள் முந்தியவரை அன்று, பருவமெல்லாம் தளராதவரையே அக்கோளம் தேடி வருகிறது. தம் நோவை மறையாது கூறித் துணை நாடுவதும் வீரத்தின்பாற்பட்டதே என்பதை நாம் மறத்தலாகாது.