செடிக்கு முன் வெயிலைத் தேடுங்கள்

வீவக வீட்டு நடைவழியில் முதன்முதலாகத் தோட்டம் போட நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் விதையையும் தொட்டியையும் வாங்குவார்கள். சில வாரங்களில் செடி மெலிந்து நீண்டு, பூக்காமலே நின்றுவிடும். உரம் போதவில்லை என்று நினைப்பார்கள். பல வேளைகளில் உண்மையில் போதாதது வெயில்தான்.

இலையில் ஒளி படும்போது ஒளிச்சேர்க்கை மூலம் சர்க்கரை உருவாகிறது. அதே சர்க்கரையைச் செடி இரவு பகலாகச் சுவாசித்துச் செலவழிக்கிறது. வரவும் செலவும் சமமானால் செடி உயிரோடு இருக்கும், அவ்வளவுதான். மிச்சம் இருந்தால்தான் பூவும் காயும் வரும். அதனால் வெண்டை, தக்காளி, மிளகாய் ஆகியவற்றுக்கு நாளுக்கு ஏறக்குறைய 6 மணி நேர நேரடி வெயில் வேண்டும். கீரைகளுக்கு 4 மணி நேரம் போதும். பாண்டானும் வல்லாரையும் அரைநிழலிலும் வளரும்.

உங்கள் நடைவழி எந்தத் திசையை நோக்கியுள்ளது? கைப்பேசியின் திசைகாட்டியில் பாருங்கள். கிழக்கு என்றால் காலை வெயில், மேற்கு என்றால் பிற்பகல் வெயில். வடக்கும் தெற்கும்தான் ஏமாற்றும். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்குச் சுமார் 1.3 பாகை வடக்கே உள்ளது. ஜூனில் நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து சுமார் 22 பாகை வடக்கே இருக்கும். டிசம்பரில் சுமார் 25 பாகை தெற்கே இருக்கும். எனவே தெற்கு நோக்கிய நடைவழியில் ஜனவரியில் விழும் வெயில், ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை நேராக விழாது. மார்ச்சில் அங்கு விதைத்த வெண்டை, காய்க்க வேண்டிய நேரத்தில் நிழலில் நிற்கும்.

மேல்மாடித் தளமும் எதிர் புளோக்கும் வெயிலை இன்னும் மறைக்கலாம். ஆகவே ஊகிக்காமல் அளந்து பாருங்கள். மேகமில்லாத ஒரு நாளில் காலை 8 முதல் மாலை 6 வரை, மணிக்கு ஒருமுறை, தொட்டி வைக்கும் இடத்தில் நேரடி வெயில் விழுகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். வெயில் விழுந்த மணி நேரங்களைக் கூட்டினால் எந்தச் செடி ஏற்றது என்பது தெரிந்துவிடும். 3 மாதம் கழித்து மீண்டும் அளந்தால் சூரியன் நகர்ந்திருப்பதையும் காணலாம்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, நடந்து செல்ல 1.2 மீட்டர் அகலமாவது விட வேண்டும். தொட்டித் தட்டில் நீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும் என்பதால் தட்டே இல்லாமல் வைப்பது நல்லது.