சாலையில் காயும் நெல்

தை, மாசித் திங்கள்களில் தஞ்சை, திருவாரூர்ப் பகுதிகளின் கிராமச் சாலைகளில் பாதியை நெல் அடைத்துக்கொண்டிருக்கும். பகலில் விலகிச் செல்லலாம். இரவிலோ, கறுப்புத் தார்ப்பாயால் மூடி, ஓரங்களில் கருங்கல் வைத்த குவியல் சாலையோடு சாலையாகவே தோன்றும். சிதறிய நெல்மணிமீது பிரேக் பிடித்தால் இருசக்கர வண்டி சறுக்கிவிடும்.

உழவரை மட்டும் பழிப்பது நேர்மையன்று. அரசு தளர்வு அளிக்கும் காலங்கள் நீங்கலாக, ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டிய நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் ஏற்பதில்லை. பல ஊர்களில் களமில்லை, இருப்பதும் போதவில்லை. வெயிலில் சூடேறும் தார்ச்சாலையே அவர்களுக்குக் களம்.

ஆயினும் அன்பர்களே, நெல்லை அள்ளியபின் கற்களை அங்கேயே விட்டுச்செல்வதற்கு எந்த ஈரப்பதமும் காரணமாகாது! கல்லுக்குப் பதில் மணல் மூட்டை வையுங்கள். தார்ப்பாய்மீது வெள்ளைச் சாக்கை விரித்துக் கட்டுங்கள். வண்டி விளக்கொளியில் அது தொலைவிலேயே தெரியும்.