பழுது பார்ப்போம், பசையறிந்து ஒட்டுவோம்



நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரழி) அவர்களிடம் வினவப்பட்டபோது, தமது ஆடையைத் தாமே தைப்பார்கள், செருப்பைத் தாமே செப்பனிடுவார்கள் என்று கூறியதாக முஸ்னத் அஹ்மதில் பதிவாகியுள்ளது. அகிலத்துக்கு அருட்கொடையாக வந்தவர்களே அறுந்த செருப்பை வீசிவிடவில்லை. நாமோ அடி சற்று வாய் பிளந்ததும் புதிய சோடிக்கு ஆளனுப்புகிறோம். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் பிள்ளைகளின் பாடசாலைச் சப்பாத்து விலை எந்த உயரத்துக்குப் போனது என்பதைத் தாய்மாராகிய நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

"ஒட்டிப் பார்த்தோம், இரண்டே நாளில் கழன்று விட்டது" என்பீர்கள். பெரும்பாலும் குற்றம் பசையில் இல்லை. பொருளுக்குப் பொருந்தாத பசையைத் தெரிந்ததில்தான் இருக்கிறது.

எதற்கு எது?

சுப்பர் குளூ: காற்றிலும் பொருளிலும் உள்ள ஈரத்தால் நொடிகளில் இறுகும். இறுகியபின் கண்ணாடி போல் விறைத்துவிடும். எனவே நடக்கும்போது வளையும் சப்பாத்தின் அடிக்கு இது ஏற்றதன்று. உடைந்த புரூச், கழன்ற மணி போன்ற சிறு பொருட்களுக்கு ஒரு துளி போதும்.

சப்பாத்துப் பசை: செருப்புத் தைப்பவர்கள் பேணியில் வைத்திருக்கும் மஞ்சள் நிறப் பசை இது. இறுகிய பின்னும் ரப்பர் போல் வளையும். தோலுக்கும் ரப்பருக்கும் இதுவே சிறந்தது.

அரல்டைட்: இரண்டு குழாய்களில் வரும். சம அளவு எடுத்துக் கலக்க வேண்டும். உலோகம், கல், பீங்கான் அலங்காரப் பொருட்களுக்கு நல்லது. முழுப் பலம் பெற ஒரு நாள் விடுங்கள். ஒட்டிய பாத்திரத்தில் உணவு பரிமாற வேண்டாம்.

பைண்டர் கம்: கடதாசி, சீலை, மரக் கைவினைகளுக்கு உரிய வெள்ளைப் பசை. நீர்படும் பொருளுக்கு உதவாது.

பிளாஸ்டிக் வாளி, பேசின் போன்றவற்றில் அனேகமாக எந்தப் பசையும் பிடிக்காது. அதில் காசைக் கரைக்காதீர்கள்.

ஒட்டும் முறை

சப்பாத்தைக் கழுவி ஒரு நாள் முழுக்க உலர்த்துங்கள். பழைய பசையைச் சுரண்டி எடுத்து, இரு பக்கங்களையும் அரத்தாளால் உரசித் தூசியைத் துடையுங்கள். இரு பக்கங்களிலும் மெல்லிதாகப் பசை பூசிப் பத்து, பதினைந்து நிமிடங்கள் பொறுங்கள். விரலில் ஒட்டாத பதம் வந்ததும் நேராக வைத்து அழுத்துங்கள். ஒட்டியபின் நகர்த்த முடியாது. கயிற்றால் இறுகக் கட்டி மறுநாள் வரை விடுங்கள். அவசரப்பட்டுப் பூசிய கையோடு ஒட்டுவதே பலர் விடும் தவறு.

எச்சரிக்கை

சப்பாத்துப் பசையின் ஆவி எளிதில் தீப்பற்றும், தலைச்சுற்றும் தரும். அடுப்படியில் வேண்டாம், முற்றத்தில் ஒட்டுங்கள். கர்ப்பிணிகளும் சிறுவர்களும் விலகியிருக்கட்டும். சுப்பர் குளூவைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்காதீர்கள். சூடேறிக் கையைச் சுட்டுவிடும். கண்ணில் பட்டால் இமையை இழுத்துப் பிரிக்காமல், நீரால் கழுவிக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

வுழூவைக் கவனியுங்கள்

சகோதரிகளே! இதுவே முக்கியமானது. மருதோண்டி நிறத்தை மட்டுமே விடுகிறது; அது வுழூவைத் தடுக்காது. காய்ந்த பசையோ தோலின்மேல் படையாக நின்று நீரைத் தடுக்கும். காலில் நகமளவு இடம் நனையாமல் விட்ட ஒருவரைத் திரும்பிச் சென்று வுழூவைச் செம்மையாகச் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததை உமர் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. கடமையான குளிப்புக்கும் இதே சட்டம்தான்.

ஆகவே கையுறை அணிந்தே ஒட்டுங்கள். விரலில் பட்டுவிட்டால் இளஞ்சூடான சவர்க்கார நீரில் ஊறவைத்து மெதுவாக உருட்டி எடுங்கள். நகப்பூச்சு அகற்றும் அசற்றோனும் சுப்பர் குளூவை இளக்கும். கண், வாய் அருகே அதைக் கொண்டு செல்லக் கூடாது. தோல் உரிந்து காயப்படும் அளவு ஒட்டியிருந்தால் பிய்த்தெடுக்காதீர்கள். அந்நிலைக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. தொழுகையை விட்டுவிடாமல் உங்கள் ஊர் ஆலிமிடம் விளக்கம் பெறுங்கள்.

வீண்விரயம் செய்வோர் ஷைத்தானின் சகோதரர்கள் என அல்குர்ஆன் (17:27) எச்சரிக்கிறது. இருப்பதைப் பேணி, மிஞ்சும் காசை இல்லாதவர் வீட்டுப் பிள்ளையின் கால்களுக்குச் செலவிட அல்லாஹ் நமக்குத் தௌபீக் செய்வானாக! ஆமீன்.