வகுப்பறையில் பிறந்த சில்லுகள்

சென்ற ஆண்டு எங்கள் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நான் ஓர் ஐ.சி.யை எரித்துவிட்டேன். 7400 என்னும் எண் கொண்ட ஐ.சி. அது. அதன் 14ஆம் காலில் 5 வோல்ட்டும், 7ஆம் காலில் எர்த்தும் கொடுக்க வேண்டும். அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டேன். விரல் சுட்டது; ஐ.சி. செத்தது. "போகட்டும் தம்பி, வேறு எடுத்துக்கொள்" என்றார் ஆய்வுக்கூட உதவியாளர்.

அதற்குள் நான்கு நேண்ட் கேட்டுகள் இருப்பதாகப் பாடத்தில் படித்திருந்தேன். "அவற்றையெல்லாம் வரைந்தவர் யாராக இருக்கும்?" என்று அருகிலிருந்த நண்பனைக் கேட்டேன். "அதெல்லாம் பெரிய கம்பெனிக்காரர்கள் வேலை. நமக்கு எதற்கடா?" என்றான். அந்த "நமக்கு எதற்கு?" என்னை விடவில்லை. விடை தேடிப் படித்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

1970களின் நடுப்பகுதி வரை என் நண்பன் சொன்னது பெரும்பாலும் உண்மையே. சில்லு வடிவமைப்பு என்பது தொழிற்சாலைகளின் மதிற்சுவர்களுக்குள் நடந்த வேலை. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் தனித்தனி விதிகள். அவை கட்டுக்கட்டாக நீண்டன. அந்தச் சுவரில் வாயில் திறந்தவர்கள் இருவர். ஒருவர் அமெரிக்காவின் கால்டெக் பேராசிரியர் கார்வர் மீட். மற்றவர் செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தைச் சேர்ந்த லின் கான்வே அம்மையார். திருநங்கையான அவரை 1968இல் ஐ.பி.எம். நிறுவனம் வேலையிலிருந்து நீக்கியது. 2020இல்தான் மன்னிப்புக் கேட்டது. வாயில் அடைக்கப்பட்டவரே பிறர்க்கு வாயில் திறந்தார் என்பதை எண்ணி வியக்கிறேன்.

அவர்கள் கண்ட வழி எளிது. நம் வீட்டு வாசலில் இடும் புள்ளிக்கோலத்தை நினைத்துப் பாருங்கள். புள்ளிகளுக்கு இடையே ஒரு விரல் இடைவெளி விட்டாலும் ஒரு சாண் விட்டாலும் கோலம் ஒன்றுதான், அளவுதான் மாறும். அதுபோலச் சில்லில் வரையும் கோடுகளின் அகலத்தையும் இடைவெளியையும் 'லாம்டா' என்னும் ஒரே அலகின் மடங்குகளாகக் குறித்தனர். தொழிற்சாலை இன்னும் நுட்பமாகச் செய்யக் கற்றுக்கொண்டால், லாம்டாவின் அளவு சுருங்கும். வரைபடம் பெரும்பாலும் அப்படியே பயன்படும். நீண்ட விதிகள் சில பக்கங்களில் அடங்கின. தொழிற்சாலையையே பார்த்திராத மாணவனும் சில்லு வரையலாம் என்றாயிற்று.

1978ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் கான்வே, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இதையே ஒரு பாடமாக நடத்தினார். பருவத்தின் முற்பாதியில் பாடம். பிற்பாதியில் ஒவ்வொருவரும் தாமே ஒரு சில்லை வடிவமைக்க வேண்டும். கை ஸ்டீல் என்ற மாணவர் லிஸ்ப் மொழிக்கென ஒரு நுண்செயலியையே வரைந்தார். வரைபடங்கள் கணிப்பொறி வலைப்பின்னல் வழியே கலிபோர்னியாவுக்குச் சென்றன. 1979 ஜனவரியில், மாணவர்கள் வரைந்தவை மெய்யான சில்லுகளாக அவர்கள் கைக்கு வந்தன!

இதற்கான செலவை எப்படித் தாங்கினார்கள்? நீங்கள் கையில் வைத்திருக்கும் இம்மலரே அதற்கு விடை. என் கட்டுரையை மட்டும் தனியே அச்சிட எனக்கு வசதி இல்லை. எல்லோருடைய படைப்புகளும் ஒரே மலரில் சேரும்போது செலவு பகிரப்படுகிறது. அவ்வாறே பலருடைய வடிவங்களை ஒரே சிலிக்கான் தகட்டில் சேர்த்துச் செய்தனர். 1979இன் பிற்பகுதியில் 12 பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 124 பேரின் 82 வடிவங்கள் இம்முறையில் உருப்பெற்றன. வரைபடங்களைப் பெற்று முடித்த 29 நாட்களில் சில்லுகள் தயாராயின.

அதன்பின் 1980இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன் என்னும் பேராசிரியர் தம் பட்டமேற்படிப்பு மாணவர்களுடன் 'ரிஸ்க்' திட்டத்தைத் தொடங்கினார். கட்டளைகளைக் குறைத்து எளிமையாக்கினால் கணிப்பொறி விரைந்து இயங்கும் என்பது அவர்கள் கருத்து. அம்மாணவர்கள் வடிவமைத்த முதல் சில்லில் ஏறத்தாழ 44,000 டிரான்சிஸ்டர்களே இருந்தன. அவ்வழியில் வந்த ஐந்தாம் தலைமுறையே 2010இல் அங்குத் தொடங்கப்பட்ட 'ரிஸ்க்-ஃபைவ்'. அதன் கட்டளைத் தொகுப்பை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். அதை அடிப்படையாகக் கொண்டே நம் சென்னை ஐ.ஐ.டி.யில் 'சக்தி' நுண்செயலிகள் வடிவமைக்கப்பட்டன. 2018இல் அவற்றுள் ஒன்று சண்டிகருக்கு அருகில் உள்ள ஆய்வுக்கூடத்தில் சில்லாகச் செய்யப்பட்டது. பெர்க்லி வகுப்பறையில் இட்ட வித்து சென்னையில் முளைத்தது!

இவற்றைப் படித்தபோது எனக்கு ஒன்று புலப்பட்டது. நாமும் ஆய்வுக்கூடத்தில் சோதனைகள் செய்கிறோம். ஆனால் விடை முன்பே தெரிந்த சோதனைகள் அவை. விடை சரியாக வந்ததும் ரெக்கார்டு நோட்டில் கையொப்பம் வாங்குகிறோம், மறந்துவிடுகிறோம். கான்வேயின் மாணவர்களுக்கோ, தாம் வரைந்தது இயங்குமா என்பது சில்லு கைக்கு வரும்வரை தெரியாது. அந்த ஐயமே அவர்களைக் கற்க வைத்தது.

பெருஞ்செலவுள்ள கருவிகள் நம்மிடம் இல்லைதான். ஆயினும் நேண்ட் கேட்டுகளை மட்டுமே கொண்டு எந்தத் தருக்கச் சுற்றையும் அமைக்கலாம் என்பதை நாம் படித்திருக்கிறோமே! இந்த ஆண்டு, பயிற்சி ஏட்டைப் பாராமல், ஐந்து நேண்ட் கேட்டுகளை இணைத்து இரு எண்களைக் கூட்டும் அரைக்கூட்டியை அமைத்தேன். இரண்டு 7400 ஐ.சி.கள் போதுமாயின. மூன்று மாலைகள் தவறாக வந்தது. நான்காம் மாலை விளக்கு சரியாக எரிந்தபோது நான் அடைந்த மகிழ்ச்சியைச் சொல்லில் வடிக்க இயலாது.

எம் பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். பருவத்துக்கு ஒன்றேனும், விடை தெரியாத ஒரு சிறு பணியை எங்களிடம் தாருங்கள். தோழர்களே, ஐ.சி. எரிந்தால் எரியட்டும். "நமக்கு எதற்கு?" என்பதை விட்டு, "நம்மால் ஏன் முடியாது?" என்று கேட்கத் தொடங்குவோம்!

— மூன்றாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்